அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்



சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு முதல் தகவல் அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "அண்ணே, இதுல எந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்லிப் போராடலாம்?" என்று கேட்டிருந்தார். அறிக்கையின் நடுவில் எனக்கு மனப்பாடமான வரி இருந்தது: வாகனத்தை "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டி வந்து மோதியதில்...

2013 ஆடி மாதம் என் சித்தப்பாவின் அறிக்கையிலும் இதே வரிதான் இருந்தது. செத்தவர் யார், ஓட்டியவர் யார், இருவருக்கும் முன்பகை உண்டா என்று யாரும் கேட்கும் முன்பே ஸ்டேஷன் ரைட்டரின் பேனா இந்த வரியை எழுதிவிடும். அந்தத் தம்பிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுவிட்டது. எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கே போடுகிறேன்.

சித்தப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார். அன்று இரவு எட்டு மணிக்கு மேல் சைக்கிளில் ஏரிக்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த கார் அடித்துத் தூக்கி எறிந்தது. கார் நிற்கவில்லை. அது ஊர்த்தெருவில் யார் வீட்டுக் கார் என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு மாதம் முன்புதான் சுடுகாட்டுப் பாதை விஷயத்தில் அந்த வீட்டுக்காரர்களோடு சித்தப்பா முன்னால் நின்று வாக்குவாதம் செய்திருந்தார்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. இயக்கத்தில் சேர்ந்து இரண்டு வருடம். நான் செய்தது இதுதான்: இளைஞர்களைத் திரட்டிச் சாலை மறியல் செய்தேன். "302 போடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் போடு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உடலை வாங்க மறுத்தோம். தாசில்தார் வந்தார், டி.எஸ்.பி. வந்தார். "விசாரணை அடிப்படையில் உரிய பிரிவுகள் சேர்க்கப்படும்" என்றார்கள். அந்த வாக்குறுதியை வெற்றி என்று நினைத்து இரண்டாம் நாள் உடலை வாங்கினோம்.

அந்த இரண்டு நாளில் நான் செய்யாதவை: ஏரிக்கரையில் மாடு ஓட்டி வந்த பெரியம்மா ஒருவர் காரையும் அதில் இருந்தவர்களையும் பார்த்திருந்தார். அவரிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை, வாங்குங்கள் என்று நானும் எழுதிக் கொடுக்கவில்லை. ரோட்டில் டயர் தடம் இருந்ததா, பிரேக் பிடித்த அடையாளம் இருந்ததா என்று ஒரு படம்கூட எடுக்கவில்லை. மறியலில் நின்ற எங்கள் கால்களே அந்தத் தடத்தை அழித்திருக்கும். பம்புசெட் கொட்டகையில் அன்று மாலை குடி நடந்தது என்று பேச்சு. யாருடைய ரத்தத்தையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காரின் முன் கண்ணாடி புதிதாக இருந்தது.

அதே மூன்றாம் நாள் ஒருவர் ஸ்டேஷனில் சரணடைந்தார், "நான்தான் ஓட்டினேன்" என்று. அவர் ஊர்த்தெருக்காரர் இல்லை. எங்கள் காலனிக்காரர். அந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கு அங்கே கடன் இருந்தது.

அவர் அப்படிச் செய்ததற்கு வறுமை மட்டும் காரணம் இல்லை, சட்டத்தின் கணக்கும் ஒரு காரணம். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. ஒரு வக்கீல் அக்கா வெள்ளைத் தாளில் நான்கு படி வரைந்து காட்டினார். அந்தப் படத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் படி. ஆபத்தாக ஓட்டினான், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 281. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆபத்தாக ஓட்டுவதற்கு 184, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு 185. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185 பாயும். முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

இரண்டாம் படி. அஜாக்கிரதையால் உயிர் போனது. பழைய 304-ஏ, இப்போது 106(1). பழைய சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, வெறும் அபராதத்தோடும் முடிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் ஐந்து ஆண்டு வரை. அன்றும் இன்றும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடியும்.

மூன்றாம் படி. இப்படி ஓட்டினால் ஆள் சாகும் என்று தெரிந்தும் ஓட்டினான். கொல்லும் எண்ணம் இல்லை, ஆனால் அறிவு இருந்தது. பழைய 304 இரண்டாம் பகுதி, இப்போது 105-இன் பிற்பகுதி. பத்து ஆண்டு வரை சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. செஷன்ஸ் கோர்ட் விசாரிக்கும்.

நான்காம் படி. கொல்லவே ஏற்றினான். கார் அங்கே வாகனம் இல்லை, ஆயுதம். பழைய 302, இப்போது 103. ஆயுள் அல்லது மரண தண்டனை.

நான்கு படியிலும் ரோடு ஒன்று, கார் ஒன்று, பிணம் ஒன்று. மாறுவது ஓட்டியவன் மனதில் இருந்தது மட்டும்தான்: கவனிக்கவில்லையா, தெரிந்தே துணிந்தானா, கொல்ல நினைத்தானா. மனதுக்குள் புகுந்து பார்க்க முடியாது. அதனால் கோர்ட் வெளியில் இருக்கும் தடயங்களைப் பார்க்கிறது. குடித்திருந்தானா, வேகம் எவ்வளவு, பிரேக் பிடித்தானா, முன்பகை உண்டா, இடித்த பிறகு என்ன செய்தான். இவை பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் கிடைப்பவை, அல்லது அழிந்துபோகிறவை.

இப்போது அந்த டிராக்டர் டிரைவர் கணக்குக்கு வாருங்கள். 304-ஏ என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன். வழக்கு முடிவில் அபராதம். இந்த விலைக்கு ஆள் கிடைப்பார். பத்து ஆண்டு என்றால் யார் வருவார்? அவர் வழக்கும் அப்படித்தான் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். கோர்ட் கலையும் வரை உட்கார வைத்தார்கள், அபராதம் கட்டினார், வீட்டுக்குப் போனார். அபராதப் பணம் யாருடையது என்று கேட்கத் தேவையில்லை. ஒரு தலித் செத்தார், தண்டனையும் ஒரு தலித்துக்கே போனது. இதற்கெல்லாம் கதவு திறந்துவிட்டது "அஜாக்கிரதை" என்ற அந்த ஒரு சொல்.

அந்தச் சொல் இன்னொரு கதவைப் பூட்டவும் செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(v) பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் பொருந்தும். பொருந்தினால் ஆயுள் தண்டனை. இரண்டு ஆண்டுக் குற்றமான 304-ஏ-வுக்கு அது எட்டாது, ஐந்து ஆண்டு 106(1)-க்கும் எட்டாது. மூன்றாம் படிக்கு வழக்கு ஏறினால்தான் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசவே முடியும். மறியலில் நான் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒன்று இல்லாமல் மற்றொன்று வராது என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பிரிவிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2013-இல் "பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்துக்காக" குற்றம் செய்தான் என்று நிரூபிக்க வேண்டும். 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர் அந்தச் சாதியினர் என்று தெரிந்து செய்திருந்தால் போதும். பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ குற்றவாளிக்கு நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே கோர்ட் அனுமானிக்கும், இல்லை என்று அவன்தான் காட்ட வேண்டும். ஒரே ஊரில் இது பெரிய பலம். ஆனால் நெடுஞ்சாலையில் முன்பின் தெரியாத வண்டி மோதினால் இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே போய் இதைக் கேட்டால், பொருந்தும் இடத்தில் கேட்கும்போது நம்மை நம்ப மாட்டார்கள்.

"வாகன வழக்கில் மூன்றாம் படி எல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. 2006 நவம்பர் 12 விடியற்காலை, மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் ரோடு நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஏழு பேர் செத்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். ஓட்டிய இளைஞர் குடித்திருந்தார். செஷன்ஸ் கோர்ட் அதை அஜாக்கிரதை என்று சொல்லி ஆறு மாதமும் அபராதமும் கொடுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை 304 இரண்டாம் பகுதிக்கு ஏற்றி மூன்று ஆண்டு கொடுத்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்று ஆண்டு மிகக் குறைவு, ஆனால் அதிகத் தண்டனை கேட்டு அரசு மேல்முறையீடு செய்யவில்லை என்றும் அது சொன்னது. அலிஸ்டர் பெரைரா வழக்கு என்று தேடிப் படியுங்கள். செத்த ஏழு பேரின் பெயரில் அந்த வழக்கு அழைக்கப்படுவதில்லை, கவனியுங்கள்.

அதே 2012 ஆகஸ்டில் தில்லி பி.எம்.டபிள்யூ. வழக்கு. 1999-இல் ஆறு பேர் செத்தது, அதில் மூவர் போலீஸ்காரர்கள். அங்கும் 304 இரண்டாம் பகுதிதான் பொருந்தும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் தண்டனை, ஏற்கெனவே அனுபவித்த சிறைக்காலமே போதும், 50 லட்சம் ரூபாய் கட்டு, இரண்டு ஆண்டு சமூக சேவை செய் என்று முடிந்தது. பிரிவு ஏறினாலும் தண்டனை ஏறும் என்று உத்தரவாதம் இல்லை. இதையும் தெரிந்துகொண்டுதான் கோஷம் போட வேண்டும்.

இவ்வளவு நேரம் செத்தவர் பக்கம் நின்று பேசினேன். என் தங்கை கணவர் லாரி டிரைவர். 2024 ஜனவரி தொடக்கத்தில் வடநாட்டில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது வீட்டுக்கு வந்திருந்தார். புதிய சட்டத்தில் 106(2) என்று ஒரு பிரிவு. இடித்துக் கொன்றுவிட்டு, போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ உடனே தெரிவிக்காமல் ஓடிப்போனால் பத்து ஆண்டு வரை. நான் அதை வரவேற்று எழுதியிருந்தேன்.

"மச்சான், சித்தப்பாவை இடிச்சவன் ஓடிட்டான், அதனால நீங்க எழுதுறீங்க. நான் ரோட்டுல நின்னா என்னை அடிச்சே கொன்னுடுவானுங்க. நிக்காம போனா பத்து வருஷம். ரெண்டு நாளா தூங்காம ஓட்டச் சொன்ன முதலாளிக்கு எத்தனை வருஷம்னு அதுல போட்டிருக்கா?" என்றார்.

போட்டிருக்கவில்லை. லாரி ஸ்டீயரிங் பிடித்திருக்கும் கைகளில் எத்தனை கைகள் நம்முடையவை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிரிவை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். "தண்டனையைக் கூட்டு" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால், கூடிய தண்டனை முதலில் விழுவது ஜாமீனுக்கு ஆள் இல்லாதவன் தலையில். ஓட்டுநர் தோழர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: கூட்டத்துக்குப் பயந்து அங்கே நிற்க முடியாவிட்டாலும் 112-க்குக் கூப்பிடுங்கள், நேராக அடுத்த ஸ்டேஷனுக்குப் போங்கள். நீங்கள் ஓடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், கூச்சப்பட வேண்டாம். சித்தப்பா வழக்கில் சித்தியிடம் விபத்து வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவர் சொன்னார்: "ஓட்டுனது யாருன்னு கிளறாதீங்கம்மா. சரணடைஞ்சவருக்கு லைசென்ஸ் இருக்கு. வேற பேரைச் சொன்னா இன்சூரன்ஸ் பணம் வராது." அந்த வீட்டுப் பையன்தான் ஓட்டினான், அவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று ஊரில் பேச்சு. சித்தி என்னைப் பார்த்து, "தம்பி, ரெண்டு பொட்டப்புள்ளைங்கள வச்சிருக்கேன்" என்றார். நான் அதற்கு மேல் பேசவில்லை.

அந்த வக்கீல் சொன்னது முழு உண்மை இல்லை. ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட் உத்தரவிடலாம். 2004-இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. 2013-இல் எங்களுக்கு இது தெரிந்திருந்தால் சித்தி உண்மைக்கும் சோற்றுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை.

2024 ஐப்பசியில் பக்கத்து ஊர்க் காலனியில் நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பிய ஓர் அக்கா மேல் பால் வேன் மோதியது. அக்காவுக்கு வயது 44. ஓட்டியது வேறு சாதிப் பையன். இளைஞர்கள் கொதித்துப்போய் எனக்கு போன் செய்தார்கள். "கொலை வழக்குப் போடச் சொல்லி ரோட்டுல உக்காரலாம்ணே" என்றார்கள். உட்காரலாம், ஆனால் இரண்டு மணி நேரம் பொறுங்கள் என்றேன்.

ஒருவர் டயர் தடத்தை, கண்ணாடிச் சில்லை, வண்டி நின்ற இடத்தைத் தேதி நேரத்தோடு படம் எடுத்தார். ஒருவர் எதிர்க்கடை கேமரா பதிவை அழிக்க வேண்டாம் என்று கேட்டு, அதையே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். ஓட்டுநருக்கு ரத்தப் பரிசோதனை செய்யும்படி இரண்டு பெண்கள் மனு எழுதி ரசீது வாங்கினார்கள். குடித்து ஓட்டியதாகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பார்த்தவர்கள் மூன்று பேரை, யார் சொல்லையும் மாற்றாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லச் சொன்னோம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கினோம். புகாரை எஸ்.ஐ. வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கும், பிறகு மாஜிஸ்திரேட்டுக்கும் போக மனு தயாராக இருந்தது. தேவைப்படவில்லை.

தடயம் என்ன சொன்னது தெரியுமா? பையன் குடிக்கவில்லை. நீளமாக பிரேக் தடம் இருந்தது. அக்காவைத் தூக்கி வேனிலேயே போட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அவன்தான். முன்பின் அறிமுகம் இல்லை. தூக்கக் கலக்கம். இரண்டாம் படி, 106(1). அதோடு நின்றோம். இளைஞர்களில் இரண்டு பேருக்கு என் மேல் கோபம், சமரசம் ஆகிவிட்டேன் என்று. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த வயதில் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

குடும்பத்துக்கு இழப்பீட்டு மனு போட்டோம். சட்டத்தில் ஆறு மாதக் கெடு எழுதியிருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். சம்பளச் சீட்டு இல்லாத கூலிக்காரர் வருமானத்தைக் கம்பெனி வக்கீல் குறைத்துத்தான் காட்டுவார். நூறு நாள் வேலை அட்டை, களத்துமேட்டுக் கணக்கு நோட்டு, மகளிர் குழுப் புத்தகம் எல்லாம் ஆதாரம். வருட வருமானத்தில் சொந்தச் செலவைக் கழித்து, 41 முதல் 45 வயது வரை என்றால் 14-ஆல் பெருக்குகிறார்கள். மாத வருமானம் ஆயிரம் ரூபாய் குறைந்தால் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்கூட, உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 அரசுத் திட்டத்தில் உண்டு. அதுவும் தெரியாமல் கைவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

படம் அனுப்பிய தம்பிக்கு என் பதில் இதுதான். எந்தப் பிரிவு என்று என்னிடம் கேட்காதீர்கள், ஏரிக்கரையில் யார் இருந்தார்கள் என்று போய்க் கேளுங்கள். பிரேக் தடம் இருந்ததா, குடித்திருந்தார்களா, முன்பகை உண்டா, ஓட்டியதும் சரணடைந்ததும் ஒரே ஆள்தானா என்று கேளுங்கள். கிடைக்கிற உண்மை மூன்றாம் படியிலோ நான்காம் படியிலோ இருந்தால் பிரிவை மாற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் ரோட்டில் உட்காருங்கள், நானும் வருகிறேன். முதல் தகவல் அறிக்கை முதல் சொல்தான், கடைசிச் சொல் இல்லை. விசாரணையில் பிரிவு மாறும், கோர்ட்டும் மாற்றலாம்.

சித்தப்பா வழக்கில் மாடு ஓட்டி வந்த பெரியம்மா போன வருடம் இறந்துவிட்டார். டிராக்டர் ஓட்டிய அண்ணன் இன்றும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். நானும் அவரிடம் கேட்டதில்லை.

பால் வேன் மோதிய அக்கா எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியும். அவர் பிள்ளைகளுக்கும் தெரியும். என் சித்தப்பா செத்தது குடிபோதையிலா, பகையிலா, வெறும் கவனக்குறைவிலா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.